தோற்றவரின் பங்கு

1980 ஆகஸ்ட் 14, இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் கடைசி நாள். இரண்டாவது முறையாக வேட்பாளராக்கப்பட்டதை ஏற்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் பேசி முடித்திருந்தார். பேச்சு எடுபடவில்லை. மறைந்த மூத்த தலைவர் ஹியூபர்ட் ஹொரேஷியோ ஹம்ஃப்ரியின் பெயரை உரக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்க நினைத்தவர், வாய் தவறி, கடற்படை நாவல்களின் கதாநாயகனான ஹார்ன்புளோவரின் பெயரைச் சேர்த்துவிட்டார். கூரையிலிருந்து மழையாகக் கொட்டவேண்டிய பலூன்கள் வலையில் சிக்கிக்கொண்டு ஒன்றும் இரண்டுமாக இறங்கின.

மேடையில் ஒருவர் குறைவு. ஒன்பது மாதங்களாகக் கார்ட்டரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்று தோற்ற செனட்டர் எட்வர்ட் கென்னடி விடுதியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கட்சிப் பிரமுகர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். கூட்டம் காத்திருந்தது. கடைசியில் கென்னடி வந்தார், கார்ட்டரின் கையைக் குலுக்கினார், மற்றவர்களின் கைகளையும் குலுக்கினார், தன் மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளைப் பார்த்துக் கையசைத்தார். கார்ட்டருக்கு வேண்டியது வேறு. வென்றவரும் தோற்றவரும் கைகோத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் அந்த ஒரு காட்சி. அதற்காக அவர் கென்னடியின் அருகே போனார், கென்னடி நகர்ந்தார், இவர் மறுபடி அருகே போனார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு ஒதுங்கும் மாமாவைப் போட்டோவில் நிறுத்தப் பாடுபடுவது போல ஒரு நாட்டின் அதிபர் மேடையில் சுற்றிக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. கைகள் உயரவே இல்லை.

அமெரிக்கக் கட்சிகளில் ஒற்றுமை என்று பேசப்படுவதன் பெரும்பகுதி இந்தக் கை உயர்த்தலைப் பற்றியதுதான். அது நடந்ததா, எத்தனை நொடி நீடித்தது, யார் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதும். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு கணக்கு தீர்க்கப்பட வேண்டியிருக்கிறது. தீராத கணக்கைப் படம் மூடுவதில்லை.

இந்தக் கணக்கு ஏன் வருகிறது என்பதற்கு அந்த நாட்டு ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாகப் பிரைமரி தேர்தல் நடக்கும். கட்சியின் சாதாரண ஆதரவாளர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்குகள் பிரதிநிதிகளாக மாறும். கோடையில் கூடும் மாநாட்டில் பிரதிநிதிகள் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968-ல் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்திக்கும் ராபர்ட் கென்னடிக்கும் வாக்களித்தவர்கள் தங்கள் வாக்கு எங்கே போயிற்று என்று கேட்டார்கள். ராபர்ட் கென்னடி ஜூன் மாதத்திலேயே கொல்லப்பட்டிருந்தார். சிகாகோ மாநாட்டு அரங்குக்கு வெளியே போலீஸ் தடியடி நடந்தது. மெக்கார்த்தி, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஹம்ஃப்ரிக்கு அரைமனதாக ஆதரவு சொன்னார். ஹம்ஃப்ரி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் நிக்சனிடம் தோற்றார். அந்தக் காயத்திலிருந்து பிறந்த சீர்திருத்தக் குழுதான் இன்றைய பிரைமரி முறைக்கு வழி செய்தது. ஆக, வாக்கு எண்ணப்படாதவர்களின் கோபத்திலிருந்து வந்த முறை இது. எண்ணப்பட்டுத் தோற்றவர்களின் கோபத்தை என்ன செய்வது என்பதற்கு அந்தக் குழுவிடம் பதில் இருக்கவில்லை.

கென்னடிக்கு வருவோம். 1979 நவம்பரில் அவர் போட்டியை அறிவித்தபோது கார்ட்டரை எளிதாகத் தள்ளிவிடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த பேட்டியில் ரோஜர் மட் ஓர் எளிய கேள்வி கேட்டார்: நீங்கள் ஏன் அதிபராக விரும்புகிறீர்கள்? கென்னடியால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. பேட்டி ஒளிபரப்பான அதே நவம்பர் 4-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நெருக்கடி நேரத்தில் நாடு அதிபரின் பின்னால் நின்றது. தொடக்கப் பிரைமரிகளில் கார்ட்டர் அடுக்கடுக்காக வென்றார். பணவீக்கம் ஏற ஏற, பிணைக்கைதிகள் திரும்பி வராமல் மாதங்கள் நீள நீள, காற்று மாறியது. நியூயார்க்கைக் கென்னடி பிடித்தார். ஜூன் 3-ல் கலிபோர்னியாவையும் நியூஜெர்சியையும் பிடித்தார். ஆனால் எண்ணிக்கை ஏற்கெனவே கார்ட்டர் பக்கம் போய்விட்டிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் கசப்பின் ஊற்று. முதல் சுற்றில் பிரதிநிதிகள் தாங்கள் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்களோ அவருக்கே வாக்களிக்க வேண்டும் என்றது மாநாட்டு விதி. அதை நீக்க வேண்டும், பிரதிநிதிகள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றது கென்னடி தரப்பு. மாநாட்டின் முதல் நாள் வாக்கெடுப்பு நடந்தது. விதி நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1,936. வேண்டாம் என்றவர்கள் 1,390. அன்றிரவே கென்னடி விலகினார். மறுநாள் அவர் ஆற்றிய உரை அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த உரை. கார்ட்டருக்கு வாழ்த்து அதில் போகிற போக்கில் வந்து போனது. மீதியெல்லாம் தொழிலாளர்கள், ஏழைகள், முதியோர், கட்சியின் பழைய லட்சியங்கள். அரங்கு அரை மணி நேரம் ஆர்ப்பரித்தது. 12 பில்லியன் டாலர் வேலைவாய்ப்புத் திட்டம் உட்படக் கென்னடி கேட்ட சிலவற்றைக் கட்சி அறிக்கையில் சேர்க்கக் கார்ட்டர் தரப்பு வேண்டாவெறுப்பாக இறங்கிவந்தது. அந்த வேண்டாவெறுப்பை எல்லோரும் பார்த்தார்கள். கொடுத்ததன் பலன் அதிலேயே பாதி போயிற்று.

நவம்பரில் கார்ட்டர் ஆறு மாநிலங்களையும் தலைநகரையும் மட்டும் வென்றார். ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், கார்ட்டருக்கு 49. கென்னடி கையைத் தூக்காததால் இது நடந்தது என்று சொன்னால் அது கதை. 13 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கமும் தெஹ்ரானில் அடைபட்டிருந்த 52 பேரும் போதும். அரசியல் அறிஞர்கள் இதைத் திருப்பிப் போட்டும் வாதிடுகிறார்கள்: உட்கட்சிச் சண்டை அதிபரைப் பலவீனப்படுத்துவதில்லை, பலவீனமான அதிபரைக் கண்டால்தான் உட்கட்சிச் சண்டைக்கு ஆள் கிளம்புகிறது. இது பெரும்பாலும் சரி. ஆனாலும் அந்த மேடையில் கார்ட்டர் காட்டிய பதற்றம் கவனிக்கத்தக்கது. கட்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தனக்கு எதிராக வாக்களித்திருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. ஒரு புகைப்படம் கிடைத்தால் போதும் என்று நினைத்தார்.

அதே ஆண்டில் ஒரு மாதம் முன்பு, டெட்ராய்ட்டில் குடியரசுக் கட்சி மாநாடு. ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்று கேலி செய்த ஜார்ஜ் புஷ்தான் பிரைமரியில் அவருக்கு முக்கியப் போட்டி. ரீகனுக்கு அவர் மேல் பெரிய மதிப்பு இல்லை. முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டைத் துணை அதிபர் வேட்பாளராக்கப் பேச்சு நடந்தது. ஃபோர்ட் தொலைக்காட்சியில் உட்கார்ந்து வால்டர் கிராங்கைட்டிடம், ஏறக்குறைய அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது போலவே பேசிவிட்டார். விடுதி அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரீகன் அதிர்ந்தார். பேச்சு முறிந்தது. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் புஷ்ஷின் அறையில் தொலைபேசி ஒலித்தது. எதிரியாக வந்தவர் பட்டியலில் இரண்டாவது பெயரானார். அன்பினால் நடந்த சேர்க்கை அல்ல. கணக்கினால், அதுவும் வேறு வழி அடைபட்டதால் நடந்தது. ஆனால் புஷ்ஷுக்கு வாக்களித்த மிதவாதிகளுக்கு அதில் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

ரீகன் இந்த வித்தையைத் தோற்ற பக்கத்திலிருந்து கற்றவர். 1976-ல் அதிபராக இருந்த ஃபோர்டை எதிர்த்து அவர் நின்றார். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187 வாக்குகள், ரீகனுக்கு 1,070. ஃபோர்ட் கொடுக்கக் கூடியதையெல்லாம் கொடுத்தார். தன் வெளியுறவுக் கொள்கையையே மறைமுகமாகக் குறைகூறும் பத்தியைக் கட்சி அறிக்கையில் அனுமதித்தார். மிதவாதியான தன் துணை அதிபர் நெல்சன் ராக்கஃபெல்லரை முன்னரே ஒதுக்கியிருந்தார். கடைசி இரவு, ஏற்புரை முடிந்ததும், மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த ரீகனைக் கையசைத்துக் கீழே வரச் சொன்னார். ஒலிவாங்கியை விட்டுக்கொடுத்தார். ரீகன் குறிப்பேதும் இல்லாமல் பேசினார்: நூறாண்டுகள் கழித்துத் திறக்கப்படும் பெட்டகம் ஒன்றில் வைக்க ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள், அதைப் படிக்கப்போகிறவர்கள் அணு ஆயுதப் போர் நடந்ததா இல்லையா, சுதந்திரம் மிஞ்சியதா இல்லையா என்பதை அறிந்திருப்பார்கள் என்று. சில நிமிடங்கள்தான். தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று பிரதிநிதிகள் பலருக்கு அப்போது தோன்றியதாகப் பிறகு திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

படம் அருமையாக அமைந்தது. நவம்பரில் ஃபோர்ட் தோற்றார். பிரசாரத்தில் ரீகன் போதுமான அளவு உழைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. மேடை கொடுத்தால் ஓட்டு வரும் என்ற சூத்திரம் இங்கே பலிக்கவில்லை. மேடை கிடைத்தவர் அதை நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தனக்காகப் பயன்படுத்திக்கொண்டார்.

விலை அதிகமாகக் கொடுத்து வென்றவர் ஐசன்ஹோவர். 1952 ஜூலையில் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் செனட்டர் ராபர்ட் டாஃப்டைத் தோற்கடித்ததும், வழக்கத்தை மீறி அவரே தெருவைக் கடந்து டாஃப்ட் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். தாழ்வாரத்தில் டாஃப்டின் ஆதரவாளர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நல்ல காரியம் அன்றைக்கு மட்டும் போதுமாக இருந்தது. டாஃப்ட் கோடையைக் கழிக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். பிரசாரத்துக்கு வரவில்லை. மத்திய மேற்கு மாநிலங்களில் அவருடைய ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செப்டம்பர் 12-ல், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஐசன்ஹோவரின் வீட்டில் இருவரும் காலை உணவுக்குச் சந்தித்தார்கள். டாஃப்ட் கையில் எழுதிக்கொண்டு வந்த அறிக்கை இருந்தது. அரசுச் செலவைக் குறைப்பது, தன் பெயர் தாங்கிய தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையைக் காப்பது, நியமனங்களில் தன் ஆட்களை ஒதுக்காமலிருப்பது. ஐசன்ஹோவர் சில திருத்தங்களோடு ஒப்புக்கொண்டார். வெளியே காத்திருந்த நிருபர்களிடம் டாஃப்ட் அதை வாசித்தார். சரணாகதி என்று பத்திரிகைகள் எழுதின. டாஃப்ட் வேட்பாளர் பதவியை இழந்து வேட்பாளரை வென்றுவிட்டார் என்று எதிர்க்கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் கேலி செய்தார். கேலியில் உண்மை இருந்தது. ஐசன்ஹோவர் 442 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார் என்பதும் உண்மை.

இந்தக் கதைகளில் எல்லாம் தலைவர்கள்தான் வருகிறார்கள். தலைவர்களைச் சமாதானப்படுத்துவது அவ்வளவு கடினமில்லை. அவர்களுக்குப் பதவி உண்டு, எதிர்காலம் உண்டு, அடுத்த தேர்தல் உண்டு. பனியில் வீடு வீடாகக் கதவு தட்டியவர், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அண்டை மாநிலத்துக்குக் காரோட்டிக்கொண்டு போனவர், மாதம் இருபது டாலர் அனுப்பியவர், இவர்களுக்குச் சமரசத்தில் என்ன கிடைக்கிறது? 2008 இந்தக் கேள்வியை நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

பராக் ஒபாமாவும் ஹில்லாரி கிளிண்டனும் ஆளுக்கு ஏறக்குறைய 1.8 கோடி வாக்குகள் பெற்ற போட்டி அது. பிரைமரித் தேதியை அனுமதியின்றி முன்னுக்கு இழுத்துக்கொண்டதற்காக ஃபுளோரிடா, மிச்சிகன் பிரதிநிதிகளைக் கட்சி செல்லாதவர்களாக்கியிருந்தது. இரண்டிலும் கிளிண்டனுக்கே அதிக வாக்குகள். மிச்சிகனில் ஒபாமாவின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு விடுதியில் கட்சியின் விதிகள் குழு கூடியது. நாள் முழுக்க வாக்குவாதம், வெளியே கோஷம். முடிவில் இரண்டு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் தலைக்கு அரை வாக்கு என்று தீர்த்தார்கள். மிச்சிகனில் நான்கு பிரதிநிதிகளைக் கிளிண்டனிடமிருந்து கடத்திக்கொண்டு போகிறீர்கள் என்று கொதித்தவர் ஹெரால்ட் ஐக்ஸ். 1980-ல் கென்னடி பக்கம் நின்று மல்லுக்கட்டிய அதே ஐக்ஸ். அதைவிட வேடிக்கை, அந்த இரண்டு மாநிலங்களையும் தண்டிக்கும் தீர்மானத்துக்கு அதே குழுவின் உறுப்பினராக முந்தைய ஆண்டில் கைதூக்கியவரும் அவர்தான். விதி என்பது உட்கட்சிச் சண்டையில் யாருக்கும் நிரந்தர உறவு அல்ல.

ஜூன் 3-ல் ஒபாமா எண்ணிக்கையைத் தொட்டார். கிளிண்டன் அன்றிரவு தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஜூன் 5 அன்று ஒபாமாவின் விமானத்தில் ஏறிய நிருபர்கள் அவர் உள்ளே இல்லை என்பதை விமானம் கிளம்பிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனின் வாஷிங்டன் வீட்டு வரவேற்பறையில் இரண்டு நாற்காலிகள் போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு, ஃபைன்ஸ்டைன் மாடிக்குப் போய்விட்டார். கீழே இருவர் மட்டும். சுமார் ஒரு மணி நேரம். ஜூன் 7-ல் கிளிண்டன் விலகி, ஒபாமாவுக்கு வாக்களிக்கச் சொன்னார்.

அந்த இருவருக்கு ஓர் அறை கிடைத்தது. ஆதரவாளர்களுக்கு அப்படி ஓர் அறை இல்லை. கட்சி ஒற்றுமையை ஆங்கிலக் கெட்டவார்த்தையோடு சேர்த்து எழுதிய நான்கெழுத்துச் சுருக்கத்தை, பூமா என்று, பெயராக வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. ஐம்பது அறுபது வயதைக் கடந்த பெண்கள் பலர், தங்கள் வாழ்நாளில் ஒரு பெண் அதிபரைப் பார்க்கும் வாய்ப்பு கைநழுவிவிட்டது என்று நொந்திருந்தார்கள். அவர்களிடம் போய்க் கருக்கலைப்பு உரிமையையும் உச்ச நீதிமன்ற நியமனங்களையும் பட்டியலிட்டது சரியான வாதம்தான், ஆனால் துக்கத்துக்கு அது மருந்தாக இல்லை.

இரு தரப்பும் மெல்ல மெல்லக் கணக்கைத் தீர்த்தன. கிளிண்டன் பிரசாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது. ஜூன் 26-ல் வாஷிங்டனின் மேஃப்ளவர் விடுதியில் கிளிண்டனின் நன்கொடையாளர்களைச் சந்தித்த ஒபாமா, சட்டம் அனுமதித்த உச்சத் தொகையான 2,300 டாலருக்குத் தன் சொந்தக் காசோலையைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கடனுக்கு முன்னால் அது கடுகளவு. சொன்னது நன்கொடையாளர்களுக்காக. மறுநாள் நியூஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் முதல் கூட்டுப் பிரசாரம் செய்தார்கள். ஜனவரி பிரைமரியில் அந்த ஊரில் இருவருக்கும் சரியாக 107 வாக்குகள் விழுந்திருந்தன. ஊரின் பெயரே ஒற்றுமை. யாரோ ஒரு விளம்பர மூளை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் தோற்றவருக்கும் வென்றவருக்கும் சமமான வாக்கு விழுந்த இடத்தில் நின்றார்கள் என்பதில் வெறும் சாமர்த்தியத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தது.

ஆகஸ்டில் டென்வர் மாநாட்டுக்கு முன் ஒரு சிக்கல். கிளிண்டனின் பெயர் முறைப்படி முன்மொழியப்படுமா, அவருக்கு வந்த பிரதிநிதிகளின் வாக்குகள் வாய்விட்டு எண்ணப்படுமா? ஒபாமாவின் ஆலோசகர்களுக்கு இது தலைவலி. மாநாட்டின் நடுவே கட்சி இரண்டாகப் பிளந்திருப்பதைத் தொலைக்காட்சிக்கு எண்ணிக் காட்டுவதா? கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல் மேஃப்ளவர் காசோலையைவிட, யூனிட்டி கூட்டத்தைவிடப் பெரியது. ஆகஸ்ட் 26 இரவு கிளிண்டன் தன் ஆதரவாளர்களைப் பார்த்து நேராகவே கேட்டார்: எனக்காக மட்டுமா இதில் இருந்தீர்கள்? புற்றுநோயோடு போராடிக்கொண்டே பிள்ளைகளை வளர்க்கும் தாயையும், குறைந்தபட்சக் கூலியில் வாழும் தாயையும் மகனையும் நினைவுபடுத்தினார். மறுநாள் மாநில வாரியாக வாக்குகள் வாசிக்கப்பட்டன. கிளிண்டனுக்கு விழுந்தவை உரக்க வாசிக்கப்பட்டன. நியூயார்க்கின் முறை வந்தபோது கிளிண்டனே கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, மீதி எண்ணிக்கையை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாக வேட்பாளராக அறிவிக்கும்படி முன்மொழிந்தார்.

எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தோற்றவரிடம் கொடுக்கப்பட்டது என்பதுதான் டென்வரின் நுட்பம். வென்றவர் தரப்பு நிறுத்தியிருந்தால் அது பறிப்பு.

நவம்பரில் கிளிண்டனை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒபாமாவுக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகள் காட்டின. செப்டம்பரில் நிதிச் சந்தை சரிந்ததும், கிளிண்டன் ஆதரவுப் பெண்களை இழுக்கக் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த சாரா பேலின் அவர்களுக்கு உவப்பாக இல்லாததும் ஒபாமாவுக்கு உதவின. எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே கிளிண்டன் வென்றவராக நின்றார். பெர்னி சாண்டர்ஸ் 2016 ஜூலை 12-ல்தான் ஆதரவு அறிவித்தார். பிலடெல்ஃபியா மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு, கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. தலைமையகம் சாண்டர்ஸை ஓரங்கட்ட விரும்பியதாக அவருடைய ஆட்கள் சந்தேகித்தது அதில் எழுத்தாகவே கிடைத்தது. கட்சித் தலைவர் டெபி வாஸர்மன் ஷூல்ட்ஸ் விலக நேர்ந்தது. முதல் நாள் பகலில் சாண்டர்ஸ் தன் பிரதிநிதிகளிடம் கிளிண்டனை வெற்றிபெறச் செய்ய வேண்டும் என்றபோது, அவர்கள் அவரையே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். தலைவர் சொன்னால் தொண்டர் கேட்பார் என்ற நம்பிக்கை அந்த அறையில் உடைந்தது. மறுநாள் வாக்கு வாசிப்பில் வெளிநாட்டு வாழ் உறுப்பினர்களின் பிரதிநிதியாக, இங்கிலாந்தில் வசிக்கும் அண்ணன் லாரி சாண்டர்ஸ் எழுந்து, மறைந்த பெற்றோரின் பெயர்களைச் சொல்லி, குரல் தழுதழுக்கத் தம்பிக்கு வாக்களித்தார். தம்பியின் கண்கள் கலங்கியதைக் கேமரா பிடித்தது. பிறகு கிளிண்டனை ஏகமனதாக அறிவிக்க முன்மொழிந்தவரும் சாண்டர்ஸ்தான். டென்வர் சடங்கு அப்படியே நடந்தது. ஆனால் அந்த ஆண்டுப் போட்டியில் நடுவர் நடுநிலையாக இருக்கவில்லை என்ற எண்ணம் உள்ளே இருந்தது. சடங்கு அதைக் கழுவவில்லை. கட்சி பிறகு அதற்கு விலை கொடுத்தது. தலைவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தாமாகவே பெற்றிருந்த சிறப்புப் பிரதிநிதி வாக்கு, போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் செல்லாது என்று 2018-ல் விதி மாறியது.

2020-ல் ஜோ பைடன் இதைச் சீக்கிரமே தொடங்கினார். சாண்டர்ஸ் ஏப்ரல் 8-ல் விலகி ஏப்ரல் 13-லேயே ஆதரவு சொன்னார். 2016-ஐவிட மூன்று மாதம் முன்னதாக. அன்றே ஆறு கூட்டுக் குழுக்கள் அறிவிக்கப்பட்டன. பருவநிலைக் குழுவுக்கு ஜான் கெர்ரியோடு அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கார்டெஸ் தலைமை. மருத்துவக் குழுவுக்கு விவேக் மூர்த்தியோடு பிரமிளா ஜெயபால். ஜெயபால் சென்னையில் பிறந்தவர், சாண்டர்ஸ் பக்கம் நின்றவர், அனைவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்ற மசோதாவின் முகம். அந்தக் கோரிக்கை குழுவில் ஏற்கப்படவில்லை. ஜூலையில் வெளியான 110 பக்க ஆவணத்தில் வேறு பல சேர்ந்தன. கேட்டதில் பாதிகூட இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் யாருடைய வாக்கியம் எந்தப் பக்கத்தில் ஏறியது என்று தொண்டர்கள் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஆகஸ்ட் 11-ல் பைடன் தன்னோடு நிற்கத் தேர்ந்தெடுத்தது கமலா ஹாரிஸை. முந்தைய ஆண்டு மயாமி விவாதத்தில் பள்ளிப் பேருந்து விவகாரத்தை எடுத்து அவரை எல்லோர் முன்னாலும் திணறடித்தவர்.

இத்தனையும் சொன்ன பிறகு டெட் குரூஸையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2016 ஜூலை 20, கிளீவ்லாந்து. டொனால்ட் டிரம்ப்பிடம் தோற்ற குரூஸ் மாநாட்டு மேடையில் நின்று, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். டிரம்ப்புக்கு என்று சொல்லவில்லை. அரங்கு ஊளையிட்டது. அவருடைய மனைவியைப் பாதுகாப்போடு வெளியே அழைத்துப்போக வேண்டியிருந்தது. தோற்றவருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை; பிரசாரத்தின்போது அவர் தந்தையைப் பற்றிக்கூட அவதூறு பேசப்பட்டிருந்தது. செப்டம்பரில் குரூஸே இறங்கிவந்தார். நவம்பரில் குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள். பொது எதிரி மேல் இருக்கும் வெறுப்பு போதிய அளவு இருந்தால், தோற்றவரின் பங்கைத் தராமலே கட்சி ஒன்றாக நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நிக்கி ஹேலி 2024 மார்ச்சில் ஆதரவு சொல்லாமல் விலகி, மே மாதம் டிரம்ப்புக்கு வாக்களிப்பேன் என்று சொல்லி, ஜூலையில் மில்வாக்கி மேடைக்கு வந்ததும் இதே பாதைதான்.

அதே 2024-ல் ஜனநாயகக் கட்சிக்கு வாய்த்தது வேறொன்று. பைடனுக்கு எதிராக வலுவான பிரைமரிப் போட்டியே நடக்கவில்லை. ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை அவர் விலகினார். திங்கள் இரவுக்குள் கமலா ஹாரிஸுக்குத் தேவையான பிரதிநிதிகளின் ஆதரவு சேர்ந்துவிட்டது. சென்னையில் பிறந்து அமெரிக்கா போன சியாமளா கோபாலனின் மகளுக்காகத் திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம் கோயிலில் அர்ச்சனை நடந்தது. ஆகஸ்ட் 5-ல் இணையவழி வாக்கெடுப்பு முடிந்தது. கட்சி இவ்வளவு வேகமாக ஒன்றுபட்டு யாரும் பார்த்ததில்லை. சிகாகோ மாநாட்டில் பலூன்கள் சரியாகவே விழுந்தன. சமாதானப்படுத்தத் தோற்றவர் யாரும் இல்லை, தீர்க்கக் கணக்கு எதுவும் இல்லை, யார் எத்தனை பேரின் நம்பிக்கை என்பதும் எண்ணப்படவில்லை.

நவம்பரில் 226-க்கு 312 என்று ஹாரிஸ் தோற்றார். சண்டை அதற்குப் பிறகு தொடங்கியது. பைடன் முன்பே விலகியிருந்தால் வேறு சிலரும் களத்தில் வந்திருக்கலாம், திறந்த போட்டி நடந்திருக்கும் என்று நான்சி பெலோசி தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். மீண்டும் நிற்பதா என்ற முடிவைப் பைடன் குடும்பத்திடமே விட்டது பொறுப்பின்மை என்று 2025-ல் வந்த தன் புத்தகத்தில் ஹாரிஸ் எழுதினார். 2028-ல் எந்த மாநிலம் முதலில் வாக்களிப்பது என்ற பேச்சு கட்சியின் விதிகள் குழுவில் தொடங்கிவிட்டது. ஃபுளோரிடாவையும் மிச்சிகனையும் அரை வாக்காக்கிய தகராறும் இதே கேள்வியிலிருந்து வந்ததுதான்.